சாயப்பட்டறைக்கு டச் ஸ்க்ரீன் வாங்குவதற்கு முன்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு எலெக்ட்ரிக்கல் பேனல் கட்டிக்கொடுக்கிறேன். 19 வருடமாக இதே வேலைதான். "சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு ஒரு டச் ஸ்க்ரீன் மாத்தணும், என்ன கம்பெனி போடலாங்க?" என்று போனில் கேட்பார்கள். சாஃப்ட் ஃப்ளோ என்பது துணியைக் கயிறுபோலச் சுற்றவிட்டுச் சாயம் ஏற்றும் மெஷின். நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. "தொடும்போது ஆபரேட்டர் கையில் என்ன இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பேன்.

பெரும்பாலும் கத்தரிக்கோல் இருக்கும். ஷேடு பார்க்கத் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு, அதே கையோடு வந்து, கத்தரிக்கோல் முனையால் திரையில் "அடுத்த ஸ்டெப்" என்பதை அழுத்துவார். இன்னொரு கையில் ரப்பர் கையுறை, அதிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். காட்டலாக்கில் இந்தத் திரைக்கு எச்.எம்.ஐ. (ஆளும் மெஷினும் பேசிக்கொள்ளும் இடைமுகம்) என்று பெயர் போட்டு நாற்பது வரி விவரம் கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு வரிகூட இந்தக் கையைப் பற்றி இருக்காது. ஆனால் டிஸ்ப்ளே இரண்டு வருடம் உழைக்குமா, ஏழு வருடம் உழைக்குமா என்பது இந்தக் கையைப் பொறுத்ததுதான்.

அதனால் முதல் வேலை: காட்டலாக்கைத் திறக்கும் முன் அந்த மெஷின் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நில்லுங்கள். முடிந்தால் இரவு ஷிஃப்ட். பகலில் மேனேஜர், மெக்கானிக் என்று ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் மெஷினை நிஜமாக எப்படி ஓட்டுகிறார்கள் என்பது தெரியும். ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தெறிக்கிறதா, ஹோஸ் பிடித்து அடிக்கிறார்களா? மூடி திறக்கும்போது ஆவி பேனல் மேல் போகிறதா? எந்தக் கெமிக்கல் வாளி அந்த வழியாகப் போகிறது? வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழுகிறது? ஆபரேட்டர் நின்று பார்க்கிறாரா, மேடைமேல் ஏறி நின்று கீழ்நோக்கிப் பார்க்கிறாரா? ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை திரையைத் தொடுகிறார், அதில் எத்தனை தடவை ஒரே பட்டனை? அவர் எந்த மொழி படிப்பார்?

இந்த ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஐ.பி. 65: முன்பக்கத்துக்கு மட்டும்

பல வருடங்களுக்கு முன் நான் போட்ட ஒரு 7 இஞ்ச் டிஸ்ப்ளே எட்டே மாதத்தில் ராத்திரியில் நின்றுபோனது. கறுப்பு ஷேடு, லாட் பாதியில். மெஷினை மேனுவலில் ஓட்டத் தெரிந்தவர் வந்து சேர்வதற்குள் ஷேடு போய்விட்டது. அந்த லாட்டை மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதாயிற்று. டிஸ்ப்ளேயைக் கழற்றினால் உள்ளே போர்டின்மேல் தண்ணீர் நிற்கிறது. பெட்டியில் ஐ.பி. 65, அதாவது தூசியும் அடிக்கும் தண்ணீரும் நுழையாது, என்றுதான் போட்டிருந்தது. டிஸ்ப்ளேயில் தப்பில்லை. ஜிக்ஸாவால் கையால் வெட்டிய கட்டவுட் (டிஸ்ப்ளே உட்காரும் கதவு ஓட்டை), ஓரத்தில் பிசிறு, தகடு லேசாக வளைந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் இரண்டு க்ளாம்ப் அதிர்வில் தளர்ந்து, தண்ணீரை அடைக்கும் கேஸ்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடைவெளி. அது என் வேலை, என் தவறு. அந்த ராத்திரிக்குப் பிறகுதான் இந்த எண்ணை ஒழுங்காகப் படித்தேன்.

ஐ.பி. எண் ஐ.இ.சி. 60529 என்ற தரநிலையிலிருந்து வருவது. முதல் இலக்கம் தூசிக்கு. 6 என்றால் தூசி அறவே நுழையாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 5 என்றால் 6.3 மி.மீ. வாய் கொண்ட குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலிருந்தும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். 6 என்றால் 12.5 மி.மீ. வாய், நிமிடத்துக்கு 100 லிட்டர். இரண்டும் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தூரத்திலிருந்து. 69 என்பது வேறு ரகம்: 80 டிகிரி சுடுதண்ணீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து அடிப்பது. பால் பண்ணை, இறைச்சி வெட்டும் ஆலை போன்ற இடங்களுக்கு அது வேண்டும். சாயப்பட்டறையில் தேவைப்படாது, விலையும் பல மடங்கு.

இனி கவனிக்க வேண்டியது மூன்று விஷயம்.

ஒன்று, பேனல் கதவில் பொருத்தும் டிஸ்ப்ளேக்களில் இந்த எண் முன்முகத்துக்கு மட்டும்தான். பின்பக்கம் பெரும்பாலும் ஐ.பி. 20, அதாவது தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பேனல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தரை கழுவினால் 65 எங்கே காப்பாற்றும்?

இரண்டு, சரியாகப் பொருத்தினால்தான் அந்த எண் செல்லும். கட்டவுட்டை லேசரில் அல்லது பஞ்ச்சில் வெட்டச் சொல்லுங்கள். தகட்டின் கனம் மேனுவலில் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும். மெல்லிய தகடு க்ளாம்ப் இறுக்கும்போதே வளையும். வளைந்த இடத்தில்தான் தண்ணீர் நுழையும். பெயின்ட் திரண்டு மேடு தட்டியிருந்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். க்ளாம்ப்பைக் கார் சக்கரத்து நட்டு இறுக்குவதுபோல எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் முன் சட்டம் வளைந்து டச் தானாக அழுந்தும். ஒரு மாதம் கழித்து ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள். ஒருமுறை கழற்றினால் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். பழைய கேஸ்கெட்டோடு சிலிக்கான் பூசிச் சமாளிக்கும் பழக்கம் இங்கே உண்டு. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும். மூடிய பேனலுக்குள் அது செம்பை அரிக்கும். வேண்டாம்.

மூன்று, ஆவியைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்வதில்லை. பேனல் வாரம் முழுக்கச் சூடாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவில் மெயினை ஆஃப் செய்வார்கள். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, கேபிள் நுழையும் ஓட்டை வழியாக வெளியே இருக்கும் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். திங்கள் காலை பார்த்தால் கதவின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். காட்டலாக்கில் "90 சதவீத ஈரப்பதம் வரை, நீர் படியாத நிலையில்" என்று எழுதியிருப்பார்கள். அந்த "நீர் படியாத" என்ற சொல்தான் முக்கியம். கேபிளையெல்லாம் அடிப்பக்கமாகவே நுழையுங்கள், கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு ஓட்டையை அடையுங்கள், லீவு நாளிலும் கன்ட்ரோல் சப்ளையை ஆஃப் செய்யாதீர்கள். டிஸ்ப்ளேயின் சொந்தச் சூடே அதை உலர்வாக வைத்துக்கொள்ளும். போர்டில் ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் பூசிய மாடல் கிடைத்தால் சாயப்பட்டறைக்கு அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

எந்த டச்?

ரெசிஸ்டிவ், கெப்பாசிட்டிவ் என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். கெப்பாசிட்டிவ் நம் போனில் இருப்பது: முன்னால் கண்ணாடி, விரலின் மின் தன்மையை உணரும். ரெசிஸ்டிவில் மேலே ஒரு மெல்லிய ஃபிலிம். அழுத்தும்போது அது கீழே இருக்கும் அடுக்கைத் தொட்டு, எந்த இடம் என்று சொல்லும். விரலோ, கையுறையோ, பேனா முனையோ, எது அழுத்தினாலும் வேலை செய்யும்.

புதிதாக வருபவர்கள் கெப்பாசிட்டிவைத்தான் விரும்புகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கீறல் விழாது, கெமிக்கலும் கண்ணாடியை அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்யாது. எல்லாம் உண்மை. ஆனால் திரையில் தண்ணீர் வழிந்தால் அது தண்ணீரையும் விரலாக நினைக்கலாம். நம் பட்டறையில் வழிவது, சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் குளோபர் சால்ட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். நல்ல தண்ணீரைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தடித்த ரப்பர் கையுறையோடு தொட்டால் உணராது. இப்போது ஈரத்திலும் கையுறையிலும் வேலை செய்யும்படி டியூன் செய்த மாடல்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். உங்கள் கையுறையையும் ஒரு மக் உப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு டீலர் கடைக்குப் போய்ச் சோதித்துவிட்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். யாரும் மறுத்ததில்லை.

ரெசிஸ்டிவின் பலவீனம் அந்த ஃபிலிம். அது பாலியஸ்டர். சாயத் தொழிலில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்: பாலியஸ்டர் துணியின் எடையைக் குறைத்து மெல்லியதாக்க நாம் எதில் ஓட்டுகிறோம்? சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில். அதே காஸ்டிக் சொட்டு திரையில் விழுந்து துடைக்காமல் கிடந்தால் ஃபிலிமையும் தின்னும். முதலில் வெளுக்கும், பிறகு வெடிப்பு விடும். அதோடு, ஒரே இடத்தில் பத்து லட்சம் தடவை தொடலாம் என்பதுபோல ஓர் ஆயுள் கணக்கும் கொடுப்பார்கள். அதிகம் என்று தோன்றும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே பட்டனை அழுத்தினால் ஒரு நாளைக்கு 720. நாலு வருடம் ஆகும் முன்பே பத்து லட்சம் தீர்ந்துவிடும். அதுவும் விரலால் அழுத்தினால். கத்தரிக்கோலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியென்றால் எது? ஈரமான இடத்துக்கு, அதாவது சாஃப்ட் ஃப்ளோ, கெமிக்கலை அளந்து விடும் டோசிங் பக்கம், நான் இன்றும் ரெசிஸ்டிவ்தான் போடுகிறேன், மேலே ஒட்டிக் கழற்றும் பாதுகாப்பு ஷீட்டோடு. ஷீட் மங்கினால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். டிஸ்ப்ளே வாங்கும்போதே அதற்கான ஷீட் ஐந்தாறு சேர்த்து வாங்கிவிடுங்கள். துணியைக் காயவைத்து முடிக்கும் ஸ்டென்டர், காம்பாக்டிங் போன்ற உலர்ந்த இடத்துக்குக் கெப்பாசிட்டிவ் நன்றாகவே உழைக்கும். அங்கே பஞ்சுத் தூசிதான் தொல்லை, அதைக் கண்ணாடியில் துணியால் துடைத்துவிடலாம்.

எது போட்டாலும் ஒன்றை மட்டும் தவறாமல் செய்கிறேன். ஷிஃப்டில் நின்று எண்ணிய கணக்கில் எந்தப் பட்டனை அதிகம் அழுத்துகிறார்களோ, அதைத் திரையிலிருந்தே எடுத்துவிடுவேன். "ஸ்டார்ட்", "ஹோல்ட்", "அடுத்த ஸ்டெப்" ஆகிய மூன்றையும் 22 மி.மீ. புஷ் பட்டனாகத் திரைக்குக் கீழே கதவிலேயே வைத்துவிடுவேன். பட்டன் கெட்டால் சில நூறு ரூபாய், பத்து நிமிட வேலை. கத்தரிக்கோலால் குத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. டிஸ்ப்ளேயின் ஆயுளைக் கூட்டுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஒருபோதும் திரையில் இருக்கக் கூடாது. சிவப்புக் காளான் பட்டன், நேரடி வயரிங், பூட்டிக்கொள்ளும் வகை. திரை உறைந்துபோகலாம், கேபிள் பிடுங்கிக்கொள்ளலாம், மெஷினை ஓட்டும் கன்ட்ரோலரான பி.எல்.சி. நிற்கலாம். துணிக் கயிறு ரீலில் சுற்றி ஒருவர் கை மாட்டும்போது எந்தத் திரையும் நடுவில் இருக்கக் கூடாது. "திரையிலேயே வெச்சிடுங்க, பட்டன் செலவு மிச்சம்" என்று கேட்ட இடங்களில் நான் வேலையே எடுத்ததில்லை.

அளவு, உயரம், கோணம்

4.3 இஞ்ச் திரையின் பார்க்கும் பகுதி சுமார் 95 மி.மீ. அகலம், 54 மி.மீ. உயரம். கையுறை போட்ட விரலுக்கு ஒரு பட்டன் 15 முதல் 20 மி.மீ. இருந்தால்தான் தப்பாமல் படும். வரிசைக்கு நாலு, இரண்டு வரிசை. அவ்வளவுதான் பிடிக்கும், வெப்பநிலை எண்ணைக் காட்ட இடம் இருக்காது. பம்ப் பேனல், சின்ன டோசிங் டேங்க்குக்கு அது போதும். சாய மெஷினுக்கு 7 இஞ்ச் என்பது குறைந்தபட்சம். வெப்பநிலை வளைகோட்டைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் 10 இஞ்ச்.

கோணம்தான் பலரும் மறப்பது. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் டி.என். வகைத் திரை இருக்கும். நேராகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் நிறம் தலைகீழாக மாறும், எண் மறையும். மேடைமேல் நின்று கீழே பார்க்கும் ஆபரேட்டருக்கு, அலாரம் சிவப்பா ஆரஞ்சா என்றே தெரியாது. டிஸ்ப்ளேயை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பொருத்தினால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். ஐ.பி.எஸ். வகைத் திரை என்றால் எந்தப் பக்கமிருந்தும் தெரியும். வாங்கும் முன் ஆன் செய்து வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

வெயிலும் சூடும்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டதை இங்கே யாரும் மறக்க முடியாது. அதற்குப் பிறகு கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் தொழில் செய்ய வழியில்லை. எங்கள் பேனல் வேலையும் அதோடு வெளியே வந்தது: அந்தச் சுத்திகரிப்பில் வரும் ஆர்.ஓ. ஸ்கிட், எவாப்பரேட்டர், உப்பு எடுக்கும் பகுதி எல்லாம் பாதி திறந்தவெளி. பட்டறைக்குள் ஓடிய அதே டிஸ்ப்ளே அங்கே மதியம் ஒன்றுமே தெரியாமல் நின்றது.

காரணம் வெளிச்சம். திரையின் பிரகாசத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண மாடல் 250 முதல் 400 நிட். நேர் வெயிலில் படிக்க 1000 நிட்டாவது வேண்டும். அந்த வகை விலை அதிகம், சூடும் அதிகம். அதனால் முதலில் திசையை மாற்றிப் பாருங்கள். பேனலை வடக்குப் பார்த்து வைத்து, மேலே ஒன்றரை அடி தகடு சாய்ப்பு போட்டால் சாதாரண டிஸ்ப்ளேயே பெரும்பாலான இடங்களில் போதும். நான் போட்ட வெளிப் பேனல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் சரிசெய்தேன்.

சூடு இன்னொரு பக்கம். வெயில் நேராகப் பட்டால் திரை சில சமயம் அப்படியே கறுத்துப்போகும். உள்ளே இருக்கும் திரவப் படிகம் ஒரு வெப்பநிலைக்கு மேல் தன் ஒழுங்கை இழந்துவிடுவதால் வருவது அது. குளிர்ந்தால் பழையபடி வரும். ஆனால் தினமும் அப்படி நடந்தால் திரை நீடிக்காது. காட்டலாக்கில் 0 முதல் 50 டிகிரி என்று இருந்தால், அந்த 50 என்பது டிஸ்ப்ளேயைச் சுற்றி இருக்கும் காற்றுக்கு, பேனலுக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து. சித்திரையில் வெளியே 38 டிகிரி, உள்ளே மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இரண்டு ஓடினால் பத்துப் பதினைந்து டிகிரி சுலபமாகக் கூடும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. டிரைவ்களை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள், அல்லது 60, 70 டிகிரி வரை தாங்கும் மாடல் வாங்குங்கள். இன்னொன்று: இந்த 50 டிகிரி, திரையைச் செங்குத்தாகப் பொருத்தினால்தான். சாய்வான டெஸ்க் பேனலில் வைத்தால் வரம்பு குறையும். மேனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும்.

திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டின் ஆயுள் 50,000 மணி என்பார்கள். அணைந்துபோகும் நேரமல்ல, வெளிச்சம் பாதியாகும் நேரம். 24 மணி நேரமும் எரிந்தால் ஐந்தே முக்கால் வருடத்துக்குள் வரும். பத்து நிமிடம் தொடாவிட்டால் மங்கும்படி செட்டிங் போடுங்கள். அலாரம் வந்தால் தானாகப் பளிச்சென்று எரியும்படியும்.

கரன்ட்டும் கேபிளும்

பெரும்பாலான டிஸ்ப்ளே 24 வோல்ட் டி.சி.யில் ஓடும். வால்வ், ரிலே எல்லாம் ஓடும் அதே எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் இதையும் மாட்டாதீர்கள். தனியாக ஒன்று கொடுங்கள். திரை அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது என்று என்னைக் கூப்பிட்ட பல இடங்களில் இதைப் பிரித்ததுமே சரியாகிவிட்டது. மோட்டார் கேபிளும் கம்யூனிகேஷன் கேபிளும் ஒரே டிரேயில் போகக் கூடாது. குறுக்கிட வேண்டியிருந்தால் செங்கோணமாகக் குறுக்கிடட்டும். கம்யூனிகேஷன் ஆர்.எஸ். 485 வகை என்றால் கேபிளின் இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர்.

பி.எல்.சி.யோடு பேசுமா என்பதை "எல்லாத்தோடயும் பேசும் சார்" என்ற பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பி.எல்.சி.யின் சரியான மாடல் எண்ணைக் கொடுத்து, அந்த டிஸ்ப்ளேயின் சாஃப்ட்வேரில் டிரைவர் பட்டியலில் அது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டும் பேசும் முறை மோட்பஸ் என்றால் டேட்டாவின் முகவரி ஒன்று தள்ளிப்போகும் தொல்லை வரும்: ஒருவர் 40001 என்று எண்ணுவதை இன்னொருவர் 0 என்று எண்ணுவார். வெப்பநிலை காட்ட வேண்டிய இடத்தில் நேரம் காட்டினால் முதலில் அதைப் பாருங்கள்.

தமிழ் தெரிய வேண்டும்

இதை நான் கடைசியில் எழுதுகிறேனே தவிர, வாங்கும்போது முதலில் சோதிப்பது இதைத்தான். "தமிழ் வரும்" என்று எல்லா டீலரும் சொல்வார்கள். வரும், ஆனால் உடைந்து வரும். யூனிகோடில் "கெ" என்பது க, அதற்குப் பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னால் போடுவது சாஃப்ட்வேரின் வேலை. பல டிஸ்ப்ளேக்களுக்கு அது தெரியாது. "வெப்பம்" என்பதில் கொம்பு வ-வுக்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு நிற்கும். "நிறுத்து" என்பதில் று, து இரண்டும் பிய்ந்து கிடக்கும். அதைப் பார்த்த ஆபரேட்டர் படிப்பதை விட்டுவிட்டுப் பட்டன் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொள்வார். பிறகு ஒரு நாள் நாம் பட்டனை இடம் மாற்றினால் தவறான வால்வ் திறக்கும்.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் வரி: "கொதிநீர் வெப்பம் தொடங்கு, டோசிங் நிறுத்து." டீலரிடம் இதை டெமோ யூனிட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் சிமுலேஷனில் சரியாகத் தெரிந்தால் போதாது. விண்டோஸ் சரிசெய்து காட்டிவிடும். நிஜத் திரையில் பார்க்க வேண்டும்.

உடைந்தால் இரண்டு வழி உண்டு. நிலையான பட்டன்களுக்குப் பெயரைப் படமாகச் செய்து ஒட்டுங்கள். இன்னொன்று, யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துரு. அதில் கண்ணில் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால், கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவை ஏற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேராக இருந்தால் உடையாமல் வரும். பழைய முறைதான், ஆனால் இன்றும் என் பல பேனல்களில் அதுதான் ஓடுகிறது. அலாரம் பட்டியலில் படம் வைக்க முடியாது என்பதால் ஒவ்வோர் அலாரத்துக்கும் பெரிய எண் கொடுத்து, அந்த எண் வந்தால் தமிழில் விளக்கும் படத் திரை தானாக மேலே வரும்படி செய்வேன்.

இப்போது பட்டறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பிகள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தி, ஒடியா வேண்டும். ஒடியா எழுத்தும் இதேபோல உடையும். குறைந்தது நாலு மொழி மாற்றும் வசதி உள்ள மாடல் வாங்குங்கள். ஒரு தடவை ஒடியாவில் "ஹோல்ட்" என்று எழுதிக் காட்டியபோது, அந்தத் தம்பி பக்கத்து மெஷினில் இருந்தவரையும் கூட்டிவந்து காட்டினான். அதற்குப் பிறகு மொழிக்காகச் செலவாகும் இரண்டு நாளை நான் பில்லில் தனியாகப் போடுவதில்லை.

ஃபைல் யாரிடம்?

டிஸ்ப்ளே உடைந்தால் புதிது வாங்கலாம். அதற்குள் இருக்கும் ப்ராஜெக்ட் ஃபைல் இல்லாவிட்டால் புதிது வெறும் கண்ணாடிதான். பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்: திருத்தக்கூடிய ஒரிஜினல் ஃபைல், அதன் பாஸ்வேர்டு, எந்த வெர்ஷன் சாஃப்ட்வேரில் செய்தது, இவை எல்லாம் பட்டறைக்குச் சொந்தம். என்னைப்போன்ற பேனல்காரர்கள் சிலர் தர மறுப்பார்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். திரையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். பல மாடல்களில் எடுப்பது ஓட்டுவதற்கு மட்டுமே ஆகும், திருத்த முடியாது.

ரெசிப்பி எங்கே சேமிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். சில மாடல்களில் அது பேட்டரி தாங்கும் மெமரியில் இருக்கும். காசு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்த நாளில் இருநூறு ஷேடு ரெசிப்பியும் போய்விடும். மாதம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்துவைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அதே மாடல் இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும், புது மாடல் வந்தால் அதே கட்டவுட்டில் உட்காருமா என்பதும் கேட்க வேண்டியது. உட்காராவிட்டால் கதவையே மாற்ற வேண்டிவரும்.

பத்து மெஷின் இருக்கும் பட்டறை என்றால் பத்துக்கும் ஒரே மாடல் வாங்குங்கள், பதினொன்றாவதாக ஒன்று ஸ்டோரில் இருக்கட்டும். அதை அட்டைப் பெட்டியில் அப்படியே வைக்காதீர்கள். ப்ராஜெக்டை ஏற்றி, புது கேஸ்கெட்டும் க்ளாம்ப்பும் சேர்த்து, பெட்டியின் மேல் ஏற்றிய தேதியையும் வெர்ஷனையும் மார்க்கரில் எழுதி வையுங்கள். மெஷினில் இருக்கும் ப்ராஜெக்டைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் இதையும் எடுத்துத் திருத்துங்கள். ராத்திரி ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியனை ஒருமுறை பகலில் வரச்சொல்லி, உங்கள் கண்முன் கழற்றி மாட்டச் செய்யுங்கள். என் பட்டறைகளில் பழகியவர்களுக்கு இதற்கு இருபது நிமிடம் ஆகிறது.